நராத்திவாத் முதல் பத்தானி வரை: அமானிதம் காக்கும் மண்



தாய்லாந்து என்று சொன்னவுடன் நம் குடும்பங்களில் பெரியவர்கள் சற்றுத் தயங்குகின்றனர். பாங்காக்கின் கேளிக்கைத் தெருக்களையும் பட்டாயாவின் கடற்கரையையும் பற்றியே நாம் அதிகம் கேள்விப்பட்டிருக்கிறோம். "ஓதிக்கொடுப்பவர்களுக்கு அங்கே என்ன வேலை, ஹஜ்ரத்?" என்று எங்களிடம் நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அந்நாட்டின் தென்கோடியில், உலமாக்களின் பெயரால் அறியப்பட்ட ஒரு நிலமும் இருக்கிறது. பூமியில் பயணம் செய்து, படைப்பையும் முன்னோரின் நிலையையும் கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அந்த நோக்கத்துடன் செல்லும் குடும்பத்துக்கு நராத்திவாத்திலும் பத்தானியிலும் காண்பதற்கு நிறையவே உண்டு. கண்டு வந்தவற்றையும், கண்டபின் எங்களை விட்டு நீங்காத ஒரு கேள்வியையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சிறிது வரலாறு

மலேசிய எல்லைக்கு அருகே பத்தானி, யாலா, நராத்திவாத் என்னும் மூன்று மாகாணங்கள் உள்ளன. நாடு முழுவதும் பௌத்தர்கள் பெரும்பான்மையினர். இங்கோ மலாய் பேசும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். மத்ஹபில் அவர்கள் ஷாஃபிஈகள். இப்பகுதி முன்பு பத்தானி என்னும் தனி அரசாக விளங்கியது. 1584 முதல் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஹிஜாவ், பீரு, ஊங்கு, கூனிங் என நான்கு அரசியர் அடுத்தடுத்து ஆண்டனர். முதல் மூவரும் சகோதரிகள். நான்காமவர் ஊங்குவின் மகள். அப்பெயர்களுக்கு முறையே பச்சை, நீலம், ஊதா, மஞ்சள் என்று பொருள். சீனரும் ஜப்பானியரும் ஐரோப்பியரும் வணிகத்துக்காக வந்து சேர்ந்த துறைமுகம் அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சியாம் அரசு பத்தானியை வென்றது. 1909இல் பிரிட்டனும் சியாமும் செய்துகொண்ட உடன்படிக்கை இன்றைய எல்லையை வகுத்தது.

அண்மைக்கால வரலாறு கசப்பானது. 2004 முதல் இங்கே கிளர்ச்சியும் இராணுவ நடவடிக்கையும் தொடர்கின்றன. அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று தாக் பாய் என்னும் ஊரில் நடந்த ஆர்ப்பாட்டத்தைத் தொடர்ந்து 85 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இராணுவ வாகனங்களில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிக் கொண்டுசெல்லப்பட்டபோது மூச்சுத் திணறி இறந்தவர்கள். முஸ்லிம்களும் பௌத்தர்களுமாக ஆயிரக்கணக்கானோர் மாண்டுள்ளனர். சாலைகளில் சோதனைச் சாவடிகள் உண்டு. இதை மறைத்துவிட்டு உங்களை வருமாறு அழைப்பது நேர்மையாகாது. புறப்படுமுன் நம் அரசின் பயண அறிவுரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துங்கள். பகலில் மட்டுமே பயணம் செய்யுங்கள். நாங்கள் அவ்வாறே செய்தோம்.

எல்லைப் பாலமும் தேயிலை நிற நீரும்

எங்கள் மதரஸாவின் உஸ்தாதுமார் இருவர், இல்லத்தார், பிள்ளைகள் என எட்டுப் பேர் கோலாலம்பூர் வழியாகக் கோத்தா பாரு சென்று, அங்கிருந்து ரந்தாவ் பஞ்சாங் வந்து, கோலோக் ஆற்றுப் பாலத்தைக் கடந்து சுங்கை கோலோக் நகரில் நுழைந்தோம். பாலத்தைக் கடந்ததும் கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னே திருப்ப வேண்டும். "சூரியன் ஒன்றுதானே அத்தா, லுஹருக்கு மட்டும் ஏன் இரண்டு நேரம்?" என்று இளைய மகள் கேட்டாள். மனிதர் போட்ட கோட்டுக்குக் கடிகாரம் மாறும், தொழுகையின் நேரமோ சூரியனைப் பின்பற்றும் என்று அவளுக்கு விளக்கினோம். சுங்கை கோலோக்கில் கேளிக்கை விடுதிகள் மிகுதி. குடும்பத்துடன் செல்வோர் அங்கே தங்காமல் நராத்திவாத் நகருக்குச் சென்றுவிடுவது நலம்.

வழியில் தோ டாங் சதுப்புக் காட்டைக் கண்டோம். இலையும் கிளையும் மட்கி, நீருக்குள் பல அடி ஆழத்துக்குப் படிந்து உருவான கரிமண் நிலம் அது. நீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருக்கிறது. சிரிந்தோர்ன் இளவரசியின் பெயரால் அமைந்த ஆய்வு மையத்திலிருந்து காட்டுக்குள் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். முதியவர்களும் சிறுவர்களும் சிரமமின்றி நடக்கலாம். இத்தகைய நிலத்தின் நீரை வடித்துவிட்டால் மண் காய்ந்து, உள்ளுக்குள்ளேயே தீப்பிடித்துப் பல நாள் புகையும். அடியில் இருக்கும் கந்தகம் காற்றுப்பட்டு அமிலமாகி, அங்கே எதுவும் விளையாது. இதனால் கெட்ட நிலங்களைச் சீராக்கும் வழி காண 1982இல் நராத்திவாத்தில் பிகுன் தோங் என்னும் அரச ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. பயனற்றது என்று மனிதர் எண்ணிய சேற்றுக்கும் படைத்தவன் ஓர் அளவை வைத்திருக்கிறான். அதைக் கலைத்தபின்னரே அதன் பயன் மனிதருக்குத் தெரிந்தது.

நராத்திவாத் நகரம் பாங் நரா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளது. அமைதியான கடற்கரை. முகத்துவாரத்தில் கொலெக் என்னும் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் பக்கங்களில் மலாய், ஜாவா, தாய்லாந்து மரபுகள் கலந்த கொடிகளையும் பறவைகளையும் பல வண்ணங்களில் தீட்டியிருக்கிறார்கள். பழக்காலத்தில் சென்றால் தஞ்சோங் மாஸ் பகுதியில் விளையும் லொங்கோங் பழத்தைத் தவறவிடாதீர்கள். தோலை விரலால் நசுக்கி உரித்தால் உள்ளே சுளை சுளையாக இனிக்கும்.

ஆணியில்லாப் பள்ளிவாசல்

இப்பயணத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே செல்ல இயலும் என்றால், பாச்சோ வட்டத்தில் தெலோக் மானோக் கிராமத்தில் உள்ள பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். தாய்லாந்து மொழியில் அதைத் தலோ மானோ என்பர். மஸ்ஜித் வாதி அல்ஹுசைன் என்பது இன்னொரு பெயர். பத்தானிப் பக்கமிருந்து வந்து குடியேறிய வான் ஹுசைன் என்னும் ஆசிரியர் இதைக் கட்டினார் என்பதும், 1624இல் கட்டப்பட்டது என்பதும் அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகள். மக்கள் இதை முந்நூறாண்டுப் பள்ளிவாசல் என்றே அழைக்கின்றனர்.

முழுவதும் மரத்தால் ஆன கட்டடம். இரும்பாணிக்குப் பதில் மரத்தில் வெட்டுக் கொடுத்து, ஒன்றினுள் ஒன்றைப் பொருத்தி, மர முளைகளால் இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு கட்டடங்கள் ஒன்றாக இணைந்தது போன்ற அமைப்பு. கூரைமேல் சீனக் கூடம் போன்ற ஒரு சிறு மாடம். சுவர்ப் பலகைகளில் மலாய்க் கொடியும் சீன மலரும் அருகருகே செதுக்கப்பட்டுள்ளன. காற்று அந்தத் துளைகளின் வழியே உள்ளே வருகிறது. முதலில் ஓலைக் கூரையாக இருந்தது, பின்னர் ஓடு வேய்ந்தார்கள் என்று சொல்கிறார்கள்.

அங்கே லுஹர் தொழுதோம். தொழுகைக்குப் பின் ஒரு முதியவர் எங்களை அமரச் செய்து தேநீர் தந்தார். ஓட்டுநர் மொழிபெயர்க்க, இவ்வளவு காலம் இந்த மரம் எப்படி நின்றது என்று கேட்டோம். மரம் தானாக நிற்காது என்றார் அவர். ஒவ்வொரு தலைமுறையிலும் கூரை ஏறி ஓடு மாற்றத் தெரிந்தவர்களும், உளுத்த பலகையை அடையாளம் கண்டு அதே பொருத்தில் புதிய பலகை செய்து இடத் தெரிந்தவர்களும் ஊரில் இருந்தார்கள் என்றார். "தெரிந்தவர் தம் மகனுக்குக் காட்டிக்கொடுத்தார். அவ்வளவுதான்" என்று முடித்துக்கொண்டார்.

கூடு காக்கும் கைகள்

அப்பள்ளிவாசலுக்குப் பின்னால் எழுவது புடோ மலைத்தொடர். அதன் அடியில் பாச்சோ அருவி. இவ்வருவிப் பகுதியில் 1988இல் கண்டறியப்பட்ட ஒரு கொடி, நம் மந்தாரையின் இனத்தைச் சேர்ந்தது. இரு பிளவான அதன் இலை தளிரில் செம்மையாக இருந்து, வளர வளரப் பட்டு போன்ற பொன்னிறம் கொள்கிறது. பொன்னிலைக் கொடி என்றே அதை அழைக்கின்றனர்.

ஆனால் புடோ மலையின் பெருஞ்செல்வம் இருவாட்சிப் பறவைகள். ஆறு இனங்கள் இங்கே வாழ்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருவாட்சிகள் உண்டு. வால்பாறைப் பக்கம் சென்றவர்கள் அறிவார்கள். இப்பறவையின் குடும்ப வாழ்வு வியப்புக்குரியது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாயிலை எச்சத்தாலும் உணவுக் கழிவாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்கிறது. அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிஞ்சும். வாரக் கணக்கில், சில இனங்களில் மாதக் கணக்கில், ஆண் பறவை பழங்களைச் சுமந்து வந்து அப்பிளவின் வழியே ஊட்டுகிறது. வேட்டைக்காரன் ஆண் பறவையைச் சுட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தாயும் குஞ்சும் பட்டினியில் வாடும்.

புடோ மலையடிவாரக் கிராமங்களில் சிலர் முன்பு இக்கூடுகளைத் தேடிப் பிடித்துக் குஞ்சுகளை எடுத்து விற்றுவந்தனர். வறுமைதான் காரணம். மஹிடோல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலாய் பூன்ஸ்வாத் 1994இல் இங்கே பணியைத் தொடங்கியபோது, அவர்களைக் காவல்துறையிடம் ஒப்படைக்க முயலவில்லை. அவர்களையே கூலிக்கு அமர்த்தினார். எந்த மரத்தில் எந்தப் பொந்து, பறவை எப்போது நுழையும், குஞ்சு எப்போது வெளிவரும் என்பதெல்லாம் அவர்களுக்கே நன்றாகத் தெரியும். குஞ்சு திருட உதவிய அதே அறிவு கூட்டைக் காக்கவும் குறிப்பெடுக்கவும் பயன்பட்டது. நகரத்துக் குடும்பங்கள் ஒரு கூட்டுக்கு ஆண்டுதோறும் பணம் அனுப்பி அதைத் தத்தெடுக்கும் முறையும் வந்தது. சிதைந்த பொந்துகளைச் செப்பனிட்டும், செயற்கைப் பொந்துகளை மரத்தில் ஏற்றியும் தருகிறார்கள்.

எங்களை அழைத்துச் சென்றவர் ஐம்பதைக் கடந்த ஒரு கிராமவாசி. இளவயதில் தாமும் குஞ்சு எடுத்து விற்றதாகச் சிரிக்காமல் சொன்னார். இப்போது அவர் கையில் ஒரு குறிப்பேடு. தேதி, நேரம், எத்தனை முறை ஊட்டியது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். நாங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்தும் பறவையைக் காணவில்லை. தலைக்கு மேலே, இலைகளுக்கு அப்பால், பெருந்துணியை உதறுவது போன்ற இறக்கையொலி மட்டும் ஒருமுறை கேட்டது. பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தவ்பா என்றால் என்ன என்று எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறோம். செய்ததை விட்டுவிடுவது, வருந்துவது, மீண்டும் செய்யாதிருப்பது, பறித்ததை உரியவரிடம் சேர்ப்பது என்று அதன் நிபந்தனைகளைச் சொல்வோம். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த பின் எங்கள் மாணவர்களுக்கு அந்த நான்காவது நிபந்தனையை விளக்குவது எளிதாகியிருக்கிறது.

எழுத்தைப் படித்தோம், பொருள் தெரியவில்லை

இப்பகுதியின் மார்க்கக் கல்விக்கு அடிப்படை போண்டோக். ஆசிரியரின் வீட்டைச் சுற்றிச் சிறு குடில்கள். அவற்றில் தங்கிச் சமைத்து உண்டு ஓதும் மாணவர்கள். ஆசிரியரைத் தோக் குரு என்பர். சிறு பிள்ளைகளுக்கு வார விடுமுறையில் பள்ளிவாசலை ஒட்டித் தாடிகா வகுப்புகள் உண்டு. நம் மக்தபு போன்றவை.

பத்தானியை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு போண்டோக்கில் எங்களை வரவேற்றார்கள். தோக் குரு ஒரு கிதாபை எடுத்து எங்கள் முன் வைத்தார். அரபு எழுத்து, மொழியோ மலாய். ஜாவி எழுத்துமுறை என்பது இதுவே. அரபியில் இல்லாத மலாய் ஒலிகளுக்காகப் புதிய எழுத்துகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஐன் மேல் மூன்று புள்ளி வைத்தால் 'ங', ஃபாவின் மேல் மூன்று புள்ளி வைத்தால் 'ப', ஜீமின் வயிற்றில் மூன்று புள்ளி வைத்தால் 'ச' என்று அவர் காட்டித்தந்தார். சிறிது நேரத்தில் தடுமாறித் தடுமாறி ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துவிட்டோம். பொருள் தெரியவில்லை, நிய்யத், வுளூ, ஃபர்ளு என்ற சொற்கள் மட்டும் இடையிடையே முகம் காட்டின. பிறகு நாங்கள் ஒரு தாளில் அரபுத்தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் படித்தார். தமிழ் அறியாத ஒருவரின் வாயிலிருந்து தமிழ் வந்தது! ழகரத்துக்கு நம் முன்னோர் வகுத்த எழுத்தைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். அந்த ஒலியை எங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். கூடியிருந்த மாணவர்கள் சிரித்தார்கள்.

பின் அவர் கேட்டார்: "உங்கள் ஊரில் இப்போதும் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்களா?"

இரு நிலங்களின் கதையும் ஒன்றே. பத்தானியைச் சேர்ந்த ஷைகு தாவூத் அல்ஃபத்தானி 19ஆம் நூற்றாண்டில் மக்காவில் அமர்ந்து தம் மக்களுக்காக மலாயில் எண்ணற்ற கிதாபுகளை எழுதினார். 1856இல் பிறந்த ஷைகு அஹ்மத் அல்ஃபத்தானி, மக்காவில் உஸ்மானிய அரசு நிறுவிய அச்சகத்தின் மலாய்ப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தினார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள், 1816 முதல் 1898 வரை வாழ்ந்தவர்கள், 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற கிதாபுகளை அரபுத்தமிழில் தந்தார்கள். அரபி இலக்கணம் கற்க வாய்ப்பில்லாத பெண்களும் உழைப்பாளரும் தம் தாய்மொழியில் ஃபிக்ஹு அறியவேண்டும் என்னும் கவலைதான் இரண்டு இடங்களிலும் இவ்வெழுத்தைப் பேணச் செய்தது. பத்தானியில் கடைப்பலகையிலும் பள்ளிக்கூட வாயிலிலும் ஜாவியைக் காண்கிறோம். நம் வீடுகளில் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ் ஏடுகளோ பரணில் உள்ளன; திறந்து படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். தோக் குருவுக்குச் சிலர் படிக்கிறார்கள் என்று மட்டுமே எங்களால் சொல்ல முடிந்தது.

முற்றுப்பெறாத பள்ளிவாசல்

பத்தானி நகரத்துக்குச் சில கிலோமீட்டர் முன்பே, நெடுஞ்சாலை ஓரத்தில் கிரூ செ பள்ளிவாசல் நிற்கிறது. மலாயில் கெரிசெக் என்பர். செங்கல் தூண்களும் கூர்முனை வளைவுகளும் உள்ளன. மேலே கும்மட்டம் இல்லை. அருகிலேயே லிம் கோ நியாவ் என்னும் சீனப் பெண்ணின் சமாதி. இஸ்லாத்தை ஏற்று இங்கே மணம் முடித்துத் தங்கிவிட்ட அண்ணனைத் திருப்பி அழைக்க வந்த அவள், அவன் மறுக்கவே, முந்திரி மரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்றும், அவள் இட்ட சாபத்தால் இப்பள்ளி முற்றுப்பெறவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. சுற்றுலா வழிகாட்டிகள் அதையே முதலில் சொல்கிறார்கள். சாபம் ஒரு பள்ளிவாசலைத் தடுத்து நிறுத்தும் என்று நம்புவது நம் ஈமானுக்கு ஒவ்வாதது என்பதைப் பிள்ளைகளுக்குக் கூறினோம். அதே வேளையில் ஒரு தங்கையின் துயரத்தை ஏளனம் செய்யலாகாது என்பதையும் கூறினோம்.

2004 ஏப்ரல் 28 அன்று இப்பள்ளிக்குள் தஞ்சம் புகுந்த கிளர்ச்சியாளர் 32 பேரைப் பாதுகாப்புப் படையினர் சுட்டுக்கொன்றனர். இன்று அதே இடத்தில் ஐவேளையும் தொழுகிறார்கள். நாங்கள் அஸ்ர் தொழுதுவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

நகரத்துக்குள் பத்தானி மத்தியப் பள்ளிவாசல் இருக்கிறது. 1954இல் தொடங்கி 1963இல் திறக்கப்பட்டது. நடுவில் பெரிய கும்மட்டம், முன்னால் நீண்ட தடாகம். மாலையில் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. சீனர் தெருவில் லிம் கோ நியாவின் கோயிலும் உண்டு. அங்கே சீனர் தம் வழக்கப்படி வழிபடுகின்றனர். அஞ்சத் தக்க செய்திகள் வரும் ஊரில் அண்டை வீட்டார் இன்னும் அண்டை வீட்டாராகவே வாழ்வதையும் கண்டோம்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

உணவில் கவலை வேண்டா. பெரும்பாலான உணவகங்கள் முஸ்லிம்களுடையவை. சங்குப்பூவால் நீல நிறமேற்றிய நாசி கெராபு சோற்றைப் பிள்ளைகள் விரும்புவர். அதனுடன் வரும் பூடு என்பது நெத்திலியை உப்பிட்டு நொதிக்கச் செய்த சாறு. சாய் புரி ஊரின் பூடு பெயர்பெற்றது. கடையில் வாங்கும் பொருள்களில் ஹலால் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் ஓரிடத்தில் வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக 4 முழு நாள் தங்க நாடினால் கஸ்ர் இல்லை. ஹனஃபி மத்ஹபில் அது 15 நாள். பள்ளிவாசல்களில் பெண்களுக்குத் தனி இடமும், மாட்டி வைத்த வெண்ணிறத் தொழுகை ஆடைகளும் இருந்தது எங்கள் இல்லத்தாருக்குப் பெரும் ஆறுதல். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் கொண்டுவரும், அம்மாதங்களைத் தவிருங்கள்.

எஞ்சிய கேள்வி

அமானிதம் என்றால் நம்மில் பலர் ஒப்படைத்த பணத்தையே எண்ணுகிறோம். பலகை பொருத்தும் கலையும், ஒரு கூட்டின் இருப்பிடமும், ஓர் எழுத்தும்கூட அமானிதங்கள்தாம். பெற்றவர் அடுத்தவருக்குக் காட்டிக்கொடுக்காவிட்டால் எல்லாம் ஒரே தலைமுறையில் மறைந்துபோகும். ஊர் திரும்பியபின் எங்கள் மதரஸாவில் வியாழன்தோறும் அரைமணி நேரம் அரபுத்தமிழ் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள். எண்ணிக்கை சிறிது, ஆயினும் தோக் குருவின் கேள்விக்கு இப்போது எங்களிடம் சற்று நல்ல விடை இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடு ஏதேனும் இருந்தால் இந்த வாரம் இறக்கிப் பாருங்கள். வீட்டில் மூத்தவர் எவருக்காவது அதைப் படிக்கத் தெரிந்தால், பிள்ளைகளை அவர் அருகில் அமரச் செய்யுங்கள். அல்லாஹ் நம் பயணங்களைப் பயனுள்ளவையாக ஆக்குவானாக. பத்தானி மக்களுக்கு அமைதியையும் நீதியையும் அருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.